த்ரிசலா இடது பக்கம் திரும்பினால்

குடலிறக்கம் யாருக்குத்தான் வராது? மூட்டை தூக்குகிறவனுக்கு வரும், மூச்சைப் பிடித்து ஜாக்கி போடுகிறவனுக்கும் வரும். கோதண்டராமனுக்கும் வந்தது. ஆபரேஷன் செய்த டாக்டர், கொஞ்ச காலம் ஸ்டியரிங் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார். அவனும் நல்ல பிள்ளையாக வீட்டில் கிடந்தான். தேறி எழுந்து மில்லுக்குப் போனால், அவன் லாரியில் வேறொருவன் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறான். தையல் போட்ட இடம் அன்றைக்குத்தான் அவனுக்கு நிஜமாக வலித்தது.

அவன் லாரி என்றதும் ஆர்.சி. புத்தகத்தில் அவன் பெயர் இருப்பதாக நினைத்துவிடாதீர்கள். லாரி, கீழ்பென்னாத்தூர் கடலை மில் முதலாளி ஆதிராஜுடையது. நெற்றியில் மஞ்சள் எழுத்தில் 'த்ரிசலா' என்று எழுதியிருக்கும். அது முதலாளியின் அம்மா பெயர். ஆனால் வாங்கிய நாள் முதல் அதை ஓட்டியவன் கோதண்டம் ஒருவன்தான். எந்தக் கியர் எப்போது முரண்டு பிடிக்கும், எந்தக் கதவை இரண்டு தரம் அறைந்து சாத்த வேண்டும் என்பதெல்லாம் அவன் கைக்குத் தெரியும். வளைவு முடிந்ததும் ஸ்டியரிங்கைச் சும்மா விட்டால் போதும், தானாகச் சுழன்று நேராகிவிடும். அப்படிச் சுழலும்போது உள்ளங்கையில் அது உரசிக்கொண்டு ஓடுவதில் அவனுக்கு ஒரு சுகம். பொண்டாட்டி வேதாவிடம்கூட இதைச் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பாள்.

இப்போது அந்த சீட்டில் மாறன் என்கிற சோமாசிபாடிக்காரன். சின்ன வயசு. பார்க்கவும் லட்சணமாக இருந்து தொலைத்தான்.

"கோதண்டம், இப்பதான் உடம்பு தேறி வந்துகீறே. கனமான ஸ்டியரிங் உனக்கு வேணாம். கொஞ்ச நாளைக்கு மினி வேனை எடுத்துக்க" என்றார் முதலாளி. நல்லதுக்குத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. மினி வேனாம் மினி வேன்! கடை கடையாக எண்ணெய் டின் இறக்கிப்போடும் பொம்மை வண்டி. அதன் ஹாரன் சத்தத்துக்குத் தெருநாய்கூடத் தலையைத் திருப்பாது.

டாஷ்போர்டில் கோதண்டம் ஒட்டிவைத்திருந்த அண்ணாமலையார் படத்தை மாறன் பிய்த்துப் போட்டிருந்தாலாவது சட்டையைப் பிடித்துச் சண்டை போட்டிருக்கலாம். அந்தப் பாவி தினமும் அதற்குப் பூ வைத்தான். சீட்டுக்குப் புதுத் துணி போட்டான். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பளபளவென்று வைத்தான். ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டு வந்து கோதண்டம் வீட்டில் பொருமினான்.

"ஏங்க, நீங்க லாரியைப் பத்திப் பேசறீங்களா, ஓடிப்போன பொண்டாட்டியைப் பத்திப் பேசறீங்களா?" என்று கேட்டாள் வேதா.

"உனக்கு இன்னா தெரியும்? அவன் கிளட்சை மிதிக்கிற மிதியைப் பார்த்தா வயிறு எரியுது."

"வயிறு எரிஞ்சா மோர் குடிங்க. தையல் பிரிஞ்சிடப் போவுது."

இப்படி அவன் புகைந்துகொண்டிருந்த சமயத்தில்தான் த்ரிசலாவுக்கு வியாதி வந்தது.

முன்சக்கரம் இடமும் வலமுமாகத் திரும்புவதற்கு, கதவுக்குக் கீல் இருப்பதுபோல, பக்கத்துக்கு ஒரு தடித்த இரும்பு முளை உண்டு. அதற்குக் கிங்பின் என்று பெயர். அதன் அடியில் வண்டியின் கனத்தைத் தாங்க ஒரு பேரிங் இருக்கும். கோதண்டம் படுத்திருந்த சமயத்தில் த்ரிசலாவின் பழைய கிங்பின் தேய்ந்துபோனதால், செங்கம் ரோட்டில் ஷெட் வைத்திருக்கும் வேடியப்பன் இரண்டு பக்கமும் புதிதாக மாற்றிக் கொடுத்திருந்தார். முன் ஆக்சில் வேலை என்றால் இந்தப் பக்கத்தில் அவர்தான். மாற்றிய புதிதில் நன்றாக ஓடியது. அப்புறம் மெல்ல மெல்ல ஸ்டியரிங் இறுக ஆரம்பித்தது. டயரின் ஓரம் கத்தியால் சீவியதுபோலத் தேய்ந்தது. மாறன் வண்டியை ஷெட்டுக்குக் கொண்டுபோனான்.

வேடியப்பன் ஜாக்கி போட்டு முன்பக்கத்தைத் தூக்கினார். சக்கரத்தைக் கடப்பாரையால் நெம்பி ஆட்டிப் பார்த்தார், ஆட்டமே இல்லை. கையால் திருப்பிப் பார்த்தார், பூ மாதிரி திரும்பியது. கம்ப்யூட்டர் அலைன்மென்ட் கடைக்கு அனுப்பினார். திரை முழுக்கப் பச்சை, ஒரு குறையும் இல்லை என்று. ஆனாலும் மனசு கேட்காமல் முன்சக்கரங்களை இணைக்கும் டை ராட் முனைகளை மாற்றினார்.

கடைசியாக அவருடைய ஷெட் வழக்கம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, கற்பூரம் காட்டி, அவரே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து அண்ணாமலையார் மலையை ஒரு சுற்று சுற்றி வருவார். மலையைச் சுற்றாத வண்டி அவர் ஷெட்டை விட்டு வெளியே போகாது. ஆளில்லாத நேர் ரோட்டில் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து அண்ணாமலையாருக்கு ஒரு கும்பிடு போடுவார். அந்தக் கும்பிடு முடிகிறவரை வண்டி கோணாமல் போனால் அலைன்மென்ட் சரி.

த்ரிசலாவும் சுற்றி வந்தது. கோணவில்லை. "பேஷா கீது, எடுத்துட்டுப் போ" என்றார்.

எடுத்துக்கொண்டு வந்தால், கீழ்பென்னாத்தூர் ஏரிக்கரையில் மறுபடியும் அதே கதை. மாறன் மறுபடி ஷெட்டுக்குப் போனான், மறுபடி ஜாக்கி, மறுபடி பச்சை, மறுபடி மலை. வேடியப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. "நானே சுத்திப் பார்த்துட்டேன், ஒரு குத்தமும் இல்ல. ஓட்டத் தெரியாதவன் கையில குடுத்தா ஆக்சில் கோணாம இன்னா செய்யும்?" என்று முதலாளிக்கே போன் போட்டுச் சொன்னார்.

"கோதண்டம் ஓட்டினப்ப இந்தக் கம்ப்ளைண்ட்டே வந்ததில்லையே" என்று முதலாளி கணக்குப்பிள்ளையிடம் சொன்னது, எண்ணெய் டின் அடுக்கிக்கொண்டிருந்த கோதண்டத்தின் காதில் தேனாக விழுந்தது. அன்று சாயங்காலம் அவன் வீட்டுக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனான். என்ன விசேஷம் என்று வேதா கேட்டாள். சும்மா என்றான்.

பொறாமை பிடித்தவன் எதிராளியை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். மாறன் வண்டியை எடுப்பதையும் நிறுத்துவதையும் வேனுக்குள் உட்கார்ந்தபடி பார்ப்பதே கோதண்டத்துக்கு வேலையாகிவிட்டது. ஆயுத பூஜைக்கு முந்தின வாரம், லோடோடு த்ரிசலா மில் வாசலுக்கு வந்தது. வாசல் ரோட்டுக்கு இடப்பக்கம். உள்ளே திரும்பிய பிறகு ஸ்டியரிங் நேராக வரவில்லை. மாறன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் அதை இழுத்து நேராக்கினான். வலது சக்கரத்தின் அடியிலிருந்து 'கிர்ர்' என்று ஒரு முனகல் வந்தது. லோடை இறக்குவதற்குள் வழிவிடச் சொன்னார்கள் என்று அதே லாரி வெளியே போய் வலப்பக்கம் திரும்பியது. ஸ்டியரிங் தானாகச் சுழன்று நேரானது!

கோதண்டத்துக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. இடது பக்கம் திரும்பும்போது வண்டியின் கனமெல்லாம் வலது சக்கரத்தில் சாயும். அந்தப் பக்கத்துக் கிங்பின் அடியில் இருக்கிற பேரிங் பிடிக்கிறது. ஜாக்கியில் தூக்கினால் கனமே கிடையாது, அதனால் பூ மாதிரி திரும்புகிறது. சரி, மலையைச் சுற்றும்போது ஏன் காட்டவில்லை? மலையை வலமாகத்தானே சுற்றுவார்கள்! மலை எப்போதும் வலக்கைப் பக்கம், ரோடு வளைவதெல்லாம் வலப்பக்கம். வேடியப்பன் எத்தனை தரம் சுற்றினாலும் ஒரு நல்ல இடது வளைவு அவர் கைக்கு அகப்படாது. கோதண்டம் வேனுக்குள் வாய்விட்டுச் சிரித்தான்.

ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னானா? சொல்வானா! வண்டி இப்படியே இழுத்துக்கொண்டு கிடந்தால் மாறன் பெட்டியைக் கட்டுவான், சாவி தன் கைக்கு வரும் என்று கணக்குப் போட்டு வாயைக் கெட்டியாக மூடிக்கொண்டான்.

பூஜைக்கு மறுநாள் மாறனே அவனைத் தேடி வந்தான். முகம் வெளிறிப் போயிருந்தது.

"ணா, காலையில ஏரிக்கரை வளைவுல திருப்பினேன், திரும்பின ஸ்டியரிங் நேரா வர்ல. ஒரு சாண் விட்டிருந்தா தண்ணிக்குள்ள போயிருப்பேன். பக்கத்து சீட்ல என் பொண்ணு வேற, ஸ்கூல்ல விடறதுக்கு ஏத்தினு வந்தேன். நீங்க இத்தினி வருஷம் ஓட்டினவரு. இன்னா கோளாறா இருக்கும்ணா?"

கோதண்டத்துக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. அதே நேரத்தில் லாரி கண்ணாடிக்குப் பின்னால் அண்ணாமலையார் படத்தில் புதுச் சாமந்தி தெரிந்தது. வந்தது அப்படியே உள்ளே போய்விட்டது.

"எங்கிட்ட இருந்தவரைக்கும் நல்லாத்தான் இருந்தது தம்பி" என்றான்.

சே, மனுஷன் பேசுகிற பேச்சா இது? அவனுக்கே அன்றைக்கு அல்வா வாங்கத் தோன்றவில்லை. மாறன் இனிமேல் மெதுவாகத்தான் ஓட்டுவான், ஒன்றும் ஆகாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

அவன் போட்ட கணக்கு ஒன்று, நடந்தது வேறு. அடுத்த வாரம் முதலாளி இரண்டு டிரைவர்களையும் கூப்பிட்டார். "ஆக்சிலே கோணிப்போயிருக்கும்னு மெக்கானிக் சொல்றாரு. இதுக்கு மேல எனக்கு இந்த பேஜார் வேணாம். பிரிச்சு விக்கிறவங்க வேலூர்லருந்து நாளன்னிக்கு வர்றாங்க. லோடுக்கு இனிமே வாடகை வண்டி பார்த்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பிரித்து விற்பதா? கேஸ் கட்டர் வைத்து நெற்றியைத் தனியாக, தொட்டியைத் தனியாக அறுத்துப் போடுவார்களே! கோதண்டம் மத்தியானம் வீட்டுக்கு வந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை. வேதா விடவில்லை. துருவித் துருவிக் கேட்டு எல்லாவற்றையும் கறந்துவிட்டாள். ஏரிக்கரையில் குழந்தை இருந்ததையும் கேட்டாள். கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

"சொன்னீங்கன்னா வண்டி பிழைக்கும், அவன்கிட்ட இருக்கும். சொல்லாம இருந்தா உங்களுக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. எது வேணும் உங்களுக்கு?"

இரண்டாவதுதான் என்று நாக்கு நுனியில் வந்தது. அவனுக்கும் இல்லை என்பது ஒரு நிமிஷம் எவ்வளவு இனிப்பாக இருந்தது! அப்புறம் மஞ்சள் எழுத்தில் கட்டர் பாய்வதும், யாரோ அந்த ஸ்டியரிங்கைக் கழற்றிப் பழைய இரும்புக் குவியலில் எறிவதும் கண்ணில் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

முதலாளியிடம் போய், "நாளைக்கு ஒரு நாள் குடுங்க முதலாளி, ஷெட்டுக்குக் கொண்டுபோய் ஒண்ணு பார்க்கணும்" என்று மட்டும் கேட்டான். எப்போதிருந்து தெரியும் என்பதைச் சொல்லவில்லை.

மறுநாள் லோடோடு த்ரிசலா செங்கம் ரோட்டுக்குப் போனது. மாறன் ஓட்டினான், கோதண்டம் பக்கத்தில். முதலாளியும் பின்னாலேயே காரில் வந்தார். கோதண்டம் கேட்டதைக் கேட்டதும் வேடியப்பன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டார்.

"இன்னாய்யா சொல்றே? மலையை இடமா சுத்தறதா? சாவு வீட்டுலதான்யா அப்படிச் சுத்துவாங்க! என் ஷெட்டு வண்டி அப்படிப் போனதே இல்ல."

"பஸ்ஸும் ஆட்டோவும் தினமும் ரெண்டு பக்கமும் போவுது வேடியப்பண்ணா."

"அவன் சவாரி போறான். நான் வேலை முடிச்ச வண்டியைச் சாமிகிட்ட காட்டப் போறேன். ரெண்டும் ஒண்ணா?"

சமணரான முதலாளி நிதானமாகச் சொன்னார்: "எங்க ஜினாலயத்திலயும் வலமாத்தான் வருவோம். ஆனா வேலை இன்னும் முடியலையே வேடியப்பன். முடிஞ்சப்பறம் காட்டலாம். இப்ப கோளாறைப் பார்க்கத்தானே போறீங்க?"

கீழே போட்ட ஸ்பேனரை வேடியப்பன் குனிந்து எடுத்துப் பெட்டியில் வைத்தார். மலையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு அவரே ஸ்டியரிங்கில் ஏறினார். ஊர்ப் பக்கமாக வண்டியைத் திருப்பி, ரமணாசிரமத்தைத் தாண்டி, கோயில் பக்கம் இடப்புறம் ஒடித்தார். அங்கேயே நெற்றி சுருங்கியது. குபேர லிங்கத்துக்குக் கிட்டே ரோடு இடப்பக்கம் நன்றாக வளைகிறது. வளைத்தார். வளைந்தது வளைந்தபடியே நின்றது. வலது சக்கரத்தடியில் 'கிர்ர்' என்றது. பல்லைக் கடித்து இழுத்து நேராக்கினார். வேர்த்துக் கொட்டியது. அவருக்கும் மாறனுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்த கோதண்டம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாமலையாரே, உன்னைச் சுத்திச் சுத்தியே ஏமாந்துட்டேனே" என்றார் வேடியப்பன்.

ஷெட்டுக்கு வந்து வலது சக்கரத்தைக் கழற்றி, கிங்பின்னைத் தட்டி எடுத்தார்கள். அடியில் இருந்த பேரிங் தலைகீழாகப் போட்டிருந்தது. மூடி மேல் பக்கம் இருக்க வேண்டியது, கீழே இருந்தது. திறந்த பக்கம் வழியாக மண்ணும் தண்ணீரும் இறங்கி, குண்டெல்லாம் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. வேடியப்பன் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். அப்புறம் மாறனிடம் போய், "உன்னைப் போய் ஓட்டத் தெரியாதவன்னு சொல்லிட்டேனேப்பா. தப்பு என் கையில" என்றார். அவராக இருக்கவே அதைச் சொன்னார்.

புதுப் பேரிங், புதுப் புஷ், இரண்டு பக்கமும் கிரீஸ். பொழுது சாய்வதற்குக் கொஞ்சம் முன்னால் வேலை முடிந்தது. எலுமிச்சம்பழம் நசுங்கியது, கற்பூரம் எரிந்தது. இந்தத் தடவை வேடியப்பன் முதலில் வலமாக ஒரு சுற்று போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் இடமாகவும் ஒரு சுற்று போய் வந்தார். இறங்கும்போது முகமெல்லாம் சிரிப்பு.

முதலாளி இருட்டுவதற்குள் சாப்பிட்டுவிடும் வழக்கமுள்ளவர். ஷெட் பெஞ்சிலேயே டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டார். "கோதண்டம், வண்டியைக் காப்பாத்திட்டே. அதோட நாடி தெரிஞ்சவன் நீதான். உடம்பு ஒத்துக்கும்னா நாளையிலருந்து நீயே எடுத்துக்க. மாறன் வேனைப் பார்த்துக்கட்டும்" என்றார்.

மாறன் தலையை ஆட்டினான். "அண்ணனுக்குத்தான் சார் அது பொருந்தும்" என்றும் சொன்னான். லாரிச் சாவியை டிபன் பாக்ஸுக்குப் பக்கத்தில் வைத்தான்.

கோதண்டத்துக்குத் தலைகால் புரியவில்லை. காற்றில் நடப்பதுபோல் இருந்தது. அந்தச் சமயத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சும்மா இருப்பானா? எல்லாரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாறன் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை அவனை ஏற்றிவிட்டது.

"எப்பிடிய்யா கண்டுபிடிச்சே? கம்ப்யூட்டருக்கே தெரியல" என்று வேடியப்பன் கேட்டார்.

"இதுக்கு இன்னாத்துக்குணா கம்ப்யூட்டரு?" நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான் கோதண்டம். "ஆயுத பூஜைக்கு முந்தின வாரமே, மில் வாசல்ல இடது பக்கம் திரும்பறதைப் பார்த்தப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு!"

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவன் காதுக்கே கேட்டது.

மாறன் அவனைப் பார்த்தான். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. புரியாதவனாகப் பார்த்தான். உதடு அசைந்தது.

"பூஜைக்கு மறுநாள்தானேணா நான் வந்து உங்களைக் கேட்டேன்? ஏரிக்கரைல எம்பொண்ணு..."

கோதண்டம் தரையைப் பார்த்தான். நசுங்கின எலுமிச்சம்பழம் ஒன்று காலடியில் கிடந்தது. ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம், அப்போது நிச்சயமாகத் தெரியவில்லை என்று சொல்லலாம். சமாளிக்காமல் அந்தப் பழத்தைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

முதலாளி டிபன் பாக்ஸை மூடினார். பாதிச் சோறு அப்படியே இருந்தது. வெளியே போய்க் கையைக் கழுவிவிட்டு வந்து, சாவியை எடுத்து மாறன் கையில் கொடுத்தார். "பார்த்துப் போ" என்றார். கோதண்டத்தைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நின்று வாங்கிக்கொண்டிருப்பான். அவன் பக்கம் திரும்பாமலேயே காரில் ஏறிப் போய்விட்டார்.

மாறன் லாரியில் ஏறினான். கோதண்டம் ஏறுவதற்காகக் கதவை ஒரு நிமிஷம் திறந்து வைத்திருந்தான். அவன் ஏறவில்லை என்றதும் சாத்தினான். ஒரு தடவை சாத்திச் சரியாக மூடவில்லை, இரண்டாம் தடவை அறைந்து சாத்தினான்.

த்ரிசலா ஷெட்டை விட்டு வெளியே வந்து, ஊருக்குப் போகிற ரோட்டில் ஏறுவதற்கு முன், எதிரே நின்ற பஸ்ஸைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் நன்றாகத் திரும்பியது. திறந்திருந்த ஜன்னல் வழியாகக் கோதண்டத்துக்கு எல்லாம் தெரிந்தது. திருப்பம் முடிந்ததும் மாறன் பிடியைத் தளர்த்தினான். ஸ்டியரிங் சுழன்றது. உள்ளங்கையை உரசிக்கொண்டு, தானாகச் சுழன்று நேராகி நின்றது. மாறன் ஆச்சரியத்தோடு தன் கையைப் பார்த்துக்கொண்டான். பிறகு, தனியாக இருக்கிறோம் என்று நினைத்து, சிரித்தான்.

அந்தச் சுகம் அவனுக்கும் தெரிந்துவிட்டது. கோதண்டத்துக்கு வயிற்றில் தையல் போட்ட இடத்தில் சுரீர் என்றது. கையால் அழுத்திப் பிடித்தபடி, கீழ்பென்னாத்தூர் பஸ் பிடிப்பதற்காக ஊர்ப் பக்கம் நடந்தான்.